நாய்க்கடியும் நாய் வளர்ப்போர் பொறுப்பும்

கிராமத்தில் நாயில்லாத தெருவைக் காண்பது அரிது. களத்தில் நெல் குவிந்திருக்கும்போது காவல் கிடப்பதும் நாய். ஆட்டுக் கிடையை இரவெல்லாம் சுற்றி வருவதும் நாய். உழவருக்கும் மீனவருக்கும் அது தொன்றுதொட்டு வரும் துணை. ஆனால், அந்தத் துணை ஒருவரைக் கடித்துவிட்டால் உடனே செய்ய வேண்டுவது என்ன, அதற்குப் பொறுப்பாளி யார் என்னும் இரண்டு கேள்விகளுக்குப் பெரும்பாலான ஊர்களில் தெளிவான விடை கிடைப்பதில்லை. முதற் கேள்விக்குத் தவறான விடை கண்டால் உயிர் போகும். இரண்டாவது கேள்விக்கு விடை இல்லாமையால்தான் முதற் கேள்வி மீண்டும் மீண்டும் எழுகிறது. ஆகவே, இவ்விரண்டையும் சேர்த்தே இங்கு ஆராய்வோம்.

ஆராய்ச்சிக்கு ஓர் ஊரைக் கண்முன் வைத்துக்கொள்வது நலம். புதுச்சேரி நகருக்குத் தெற்கே, அரியாங்குப்பம் கொம்யூன் பஞ்சாயத்தில், கடலோரமாக அமைந்துள்ளது வீராம்பட்டினம். ஆடி மாதத்தில் நடைபெறும் செங்கழுநீரம்மன் தேர்த் திருவிழாவால் பெயர் பெற்ற மீனவ கிராமம் அது. அவ்வூரை எடுத்துக்கொள்வதற்குக் காரணம், அங்குள்ள நாய்கள் பொல்லாதவை என்பதன்று. நாய்க்கடி பற்றி இருவேறு நாட்டார் வகுத்த சட்டங்கள் ஒன்றன்பின் ஒன்றாக ஆட்சி செய்த மண் அது. அவ்விரண்டையும் ஒப்பிட்டுப் பார்த்தால் நம் கடமை எளிதில் விளங்கும்.

கடித்தவுடன் செய்ய வேண்டுவது

சட்டம் காத்திருக்கும், காயம் காத்திராது. எனவே சிகிச்சையை முதலில் சொல்வோம்.

நாய் கடித்த இடத்தை ஓடும் தண்ணீரில் சோப்புப் போட்டுக் குறைந்தது 15 நிமிஷம் கழுவ வேண்டும். இது சாதாரண யோசனையாகத் தோன்றலாம். வெறிநோயை உண்டாக்கும் நுண்கிருமியின் மேலுறை கொழுப்பினால் ஆனது. சோப்பு அந்த உறையைக் கரைத்துக் கிருமியை அழிக்கிறது. ஆதலின், வாய்க்கால் கரையிலோ படகுத் துறையிலோ செய்யும் இந்தக் கழுவுதலே சிகிச்சையின் முதற்படியாகும். மிளகாய்ப் பொடி, சுண்ணாம்பு, மஞ்சள், காப்பித்தூள், மண்ணெண்ணெய் ஆகியவற்றைக் காயத்தில் வைக்கலாகாது. இறுகக் கட்டவும் கூடாது. கழுவியபின் தாமதியாமல் ஆஸ்பத்திரிக்குச் செல்ல வேண்டும்.

ஆஸ்பத்திரியில் காயத்தை மூன்று வகையாகப் பிரித்துப் பார்ப்பர். நாய் தொட்டதும், புண்ணில்லாத தோலை நக்கியதும் முதல் வகை. இதற்கு ஊசி தேவையில்லை. இரத்தம் வராத சிறு கீறலும் பல் பதிவும் இரண்டாம் வகை. இதற்குத் தடுப்பூசி வேண்டும். தோல் கிழிந்து இரத்தம் வந்த காயமும், புண்ணிலோ வாய், கண் முதலிய ஈரத் தோலிலோ நாயின் உமிழ்நீர் பட்டதும் மூன்றாம் வகை. இதற்குத் தடுப்பூசியோடு, காயத்தைச் சுற்றி எதிர்ப்புப் புரத மருந்தையும் செலுத்த வேண்டும். தடுப்பூசி உடலில் காப்புச் சக்தியை உண்டாக்கச் சில நாட்கள் ஆகும். அதுவரை கிருமியைத் தடுத்து நிறுத்துவது இம்மருந்தே. ஆகவே ஊசி மட்டும் போட்டு அனுப்பினால், காயம் எந்த வகை, அம்மருந்து வேண்டுமா என்று கேட்டு அறிந்துகொள்வது நம் உரிமையாகும்.

முதல் ஊசி போடும் நாளைச் சூன்ய நாளாகக் கொண்டால், தசையில் போடும் முறையில் 0, 3, 7, 14, 28 ஆகிய நாட்களிலும், தோலினுள் போடும் முறையில் 0, 3, 7, 28 ஆகிய நாட்களிலும் ஊசி போட வேண்டும். காயம் ஆறிவிட்டதென்று இடையில் நிறுத்துவது பெருந்தவறு. கருவுற்ற பெண்களுக்கும் கைக்குழந்தைகளுக்கும் இந்த ஊசியால் கேடில்லை. தொப்புளைச் சுற்றிப் பதினான்கு ஊசி என்ற பழைய அச்சமும் இனி வேண்டியதில்லை. ஆட்டு மூளையிலிருந்து எடுத்த அந்த மருந்தின் உற்பத்தி நம் நாட்டில் 20 ஆண்டுகளுக்கு முன்பே நின்றுவிட்டது. 1907-ஆம் ஆண்டில் குன்னூரில் பாஸ்டர் நிலையம் தோன்றிய காலத்தில், கடிபட்டவர் மலையேறிச் சென்று சிகிச்சை பெற வேண்டியிருந்தது. இன்று அரசு ஆஸ்பத்திரிகளிலேயே கட்டணமின்றி ஊசி கிடைக்கிறது.

இத்துணை வற்புறுத்திச் சொல்வதற்குக் காரணம் உண்டு. வெறிநோயின் குறி தோன்றியபின் அநேகமாக எவரும் பிழைப்பதில்லை. கடிபட்ட நாளுக்கும் குறி தோன்றும் நாளுக்கும் இடையே பொதுவாக ஒன்று முதல் மூன்று மாதங்கள் செல்லும். தலையிலும் முகத்திலும் கையிலும் கடிபட்டால் இக்காலம் குறுகும். குழந்தைகள் உயரம் குறைந்தவர்கள். ஆதலால் கடி பெரும்பாலும் அவர்களுக்கு முகத்தருகே விழுகிறது. நாய் கடித்ததை வீட்டில் சொன்னால் அடி விழுமென்று அவர்கள் மறைப்பதும் உண்டு. இதைப் பெற்றோர் மனத்தில் கொள்ள வேண்டும்.

2024-ஆம் ஆண்டில் நம் நாட்டில் 37 லட்சத்துக்கும் மேற்பட்ட நாய்க்கடிகளும், வெறிநோயென ஐயுறப்பட்ட 54 மரணங்களும் அரசுக் கணக்கில் பதிவாயின. வீடு வீடாகச் சென்று விசாரித்த ஒரு பெரிய ஆய்வோ, ஆண்டுக்குச் சுமார் 5,700 பேர் இறக்கின்றனர் என மதிப்பிட்டது. கடிபட்டவருள் ஐந்தில் ஒருவர் ஊசியே போட்டுக்கொள்ளவில்லை என்றும் அது கண்டது. பதிவுக்கும் மதிப்பீட்டுக்கும் இடையிலுள்ள இந்தத் தூரத்தில், எந்தக் கணக்கிலும் ஏறாமல் வீட்டிலேயே மாண்டவர்கள் இருக்கிறார்கள்.

விவசாயிகளுக்குத் தனியாக ஒரு வார்த்தை. மாட்டுக்கும் வெறிநோய் வரும். மாடு எச்சில் ஒழுக நின்று, விழுங்க முடியாமல் தவித்தால், தொண்டையில் ஏதோ அடைத்துக்கொண்டதென எண்ணி வாய்க்குள் கை விடுவது நம் வழக்கம். இதனால் நோய் தொற்றக்கூடும். அத்தகைய மாட்டைத் தனியே கட்டிவிட்டுக் கால்நடை மருத்துவருக்குச் சொல்லியனுப்ப வேண்டும். அதன் பாலையும் பயன்படுத்தலாகாது.

நாய் யாருடையது?

இனி இரண்டாவது கேள்விக்கு வருவோம். வீராம்பட்டினம் போன்ற கடற்கரை ஊரில் விடியற்காலையில் படகுகள் கரை சேர்கின்றன. மீன் பிரிக்கும் இடத்தில் கழிவு விழுகிறது, நாய்கள் கூடுகின்றன. அவற்றுள் ஒன்று ஒரு வீட்டுத் திண்ணையில் படுக்கிறது என்று வைத்துக்கொள்வோம். அதை எவரும் விலை கொடுத்து வாங்கியதில்லை. அவ்வீட்டார் மீந்த சோறு போடுகிறார்கள். பெயர் சொல்லிக் கூப்பிடுகிறார்கள். இரவில் அன்னியர் வந்தால் அது குரைக்கிறது. அதே நாய் ஒரு நாள் பள்ளிக்குச் செல்லும் சிறுமியின் காலைப் பற்றிவிடுகிறது. கேட்கச் சென்றால், ‘அது தெருநாய், எங்கள் நாய் அல்ல’ என்ற விடை வருகிறது. காவலுக்கு நம் நாய், கடித்தால் தெருநாய்!

இந்த மறுப்பினால் கடிபட்டவருக்கு நேரும் தீங்கு பணத்தோடு முடிவதில்லை. கடித்த நாயைப் பத்து நாட்கள் கட்டிவைத்துக் கவனிக்க வேண்டும் என்பது மருத்துவ விதி. வெறிநோய்க் கிருமி உமிழ்நீரில் இருக்கும் நாய் பத்து நாட்களுக்குள் நோய்ப்பட்டு இறந்துவிடும். பத்தாம் நாளும் அது நலமாயிருந்தால், கடித்த நாளில் அதன் உமிழ்நீரில் கிருமி இல்லை என்பது தெளிவு. இதற்காக ஊசியைத் தள்ளிப்போடலாகாது. ஊசியைத் தொடங்கிவிட்டே நாயைக் கவனிக்க வேண்டும். உடையவர் இல்லாத நாயை யார் கவனிப்பது? அதற்கு ஊசி போட்டதுண்டா என்பதை யார் சொல்வது? ‘என் நாய்தான்’ என்ற ஒரு சொல், மருத்துவருக்கு ஒரு மருந்துக்குச் சமானமான உதவியாகும். கடித்த நாயை அடித்துக் கொல்வதும், ஊரறியாமல் வேறிடத்தில் விடுவதும் அவ்வுதவியை அழிப்பதேயாகும்.

இரு சட்டங்கள்

இந்தக் கேள்விக்கு வீராம்பட்டினத்தில் ஒரு காலத்தில் மிகத் தெளிவான விடை இருந்தது. 1804-ஆம் ஆண்டின் பிரெஞ்சு சிவில் சட்டத் தொகுதி 1819-ல் புதுச்சேரியில் பிரகடனம் செய்யப்பட்டது. அதன் 1385-ஆம் ஷரத்தின் கருத்து யாதெனில், ஒரு பிராணி விளைத்த சேதத்துக்கு அதன் உடைமையாளர் பொறுப்பாவார். பிறர் அதைப் பயன்படுத்திவரும் காலத்தில் அவர் பொறுப்பாவார். அது காவலில் இருந்தபோது சேதம் நேர்ந்தாலும், வழி தவறியோ தப்பியோ போனபோது நேர்ந்தாலும் பொறுப்பு ஒன்றே என்பதாம். ‘அவிழ்த்துக்கொண்டு ஓடிவிட்டது’ என்ற சமாதானத்துக்கு அங்கு இடமில்லை. 1885 அக்டோபரில் பிரான்சின் உச்ச நீதிமன்றம் இதனை மேலும் இறுக்கிற்று. எதிர்பாராத தற்செயல் நிகழ்ச்சியையோ கடிபட்டவரின் குற்றத்தையோ காட்டினாலன்றி உடையவர் தப்ப முடியாது என்று அது தீர்ப்பளித்தது. அதே ஆண்டு ஜூலை மாதத்தில்தான் பாரிஸ் நகரில் லூயி பாஸ்டர், வெறிநாயிடம் கடிபட்ட ஒன்பது வயதுச் சிறுவனுக்கு முதன்முதலாகத் தம் ஊசி மருந்தைச் செலுத்தினார். காயத்துக்கு மருந்தும் பொறுப்புக்கு விடையும் ஒரே நாட்டில் ஒரே ஆண்டில் உறுதிப்பட்டன.

அன்றியும், 1810-ஆம் ஆண்டின் பிரெஞ்சுத் தண்டனைச் சட்டம், வழிப்போக்கர்மீது பாயும் நாயைத் தடுத்து நிறுத்தாத உடையவருக்கு, காயமே நேராவிட்டாலும் அபராதம் விதித்தது.

பக்கத்திலிருந்த தென்னாற்காடு ஜில்லாவில் நிலைமை வேறு. ஆங்கிலேயரின் பொதுவழக்குப்படி, தம் நாய் கடிக்கும் சுபாவமுள்ளது என்பதை உடையவர் முன்பே அறிந்திருந்தாரா என்பதே கேள்வி. அறிந்திருந்தால் பொறுப்பு, இல்லையேல், அவருடைய அஜாக்கிரதையைக் கடிபட்டவரே நிரூபிக்க வேண்டும். ‘முதற் கடிக்குக் கணக்கில்லை’ என்று சட்டம் படித்தவர்கள் விளையாட்டாகச் சொல்வது இதைப் பற்றியே. பிரெஞ்சுப் பகுதியும் ஆங்கிலப் பகுதியும் வயலும் வரப்புமாகப் பின்னிக் கிடந்தமையால், ஒரு நாய் வரப்பைத் தாண்டினால் அதன் சொந்தக்காரரின் பொறுப்பும் மாறியது!

1954 நவம்பர் 1-ல் புதுச்சேரியின் நிர்வாகம் இந்திய அரசிடம் வந்தது. 1962 ஆகஸ்டு 16-ல் சட்டப்படியான மாற்றமும் நிறைவுற்றது. அதன்பின் இந்தியக் குற்றச் சட்டங்கள் அங்கும் பரவின. வரப்பின் இருபுறமும் இன்று குற்றச் சட்டம் ஒன்றே.

இன்றைய சட்டம்

2024 ஜூலை 1 முதல் நடைமுறையிலிருக்கும் பாரதிய நியாய சன்ஹிதாவின் 291-ஆம் பிரிவு இதைப் பற்றியது. முன்பு இந்தியத் தண்டனைச் சட்டத்தின் 289-ஆம் பிரிவாக இருந்ததும் இதுவே. தம் வசமுள்ள பிராணியால் மனித உயிருக்கோ, கொடுங்காயத்துக்கோ அபாயம் நேரக்கூடும் என்ற நிலையில், அதைத் தடுக்கப் போதுமான ஏற்பாட்டை அறிந்தோ அஜாக்கிரதையாலோ செய்யாதவருக்கு ஆறு மாதம் வரை சிறையும், 5,000 ரூபாய் வரை அபராதமும், அல்லது இரண்டில் ஒன்றும் விதிக்கலாம். பழைய சட்டத்தில் அபராதம் 1,000 ரூபாயாக இருந்தது. பிறர் உயிருக்கு ஆபத்தான அஜாக்கிரதையால் கொடுங்காயம் விளைந்தால் 125-ஆம் பிரிவின்படி மூன்றாண்டு வரையிலும், மரணம் விளைந்தால் 106-ஆம் பிரிவின்படி ஐந்தாண்டு வரையிலும் சிறைத் தண்டனை உண்டு.

291-ஆம் பிரிவிலுள்ள ஒரு சொல்லைப் பஞ்சாயத்து அங்கத்தினர்கள் ஊன்றிக் கவனிக்க வேண்டும். சட்டம் ‘உடைமை’ என்னாது ‘வசம்’ என்கிறது. விலைச் சீட்டோ லைசென்சோ இருக்கிறதா என்பது முதற் கேள்வியன்று. நாய் யார் வசத்தில், யார் காவலில் இருந்தது என்பதே கேள்வி. பழைய பிரெஞ்சு ஷரத்தும் உடையவரோடு பயன்படுத்துபவரையும் சேர்த்தே பிடித்தது. ஆகவே, கட்டிப் போட்டுக் களத்தைக் காக்கச் செய்த நாயைக் கடித்த மறுநாள் தெருநாயென்பது எளிதில் செல்லாது. ஆயினும், இரக்கத்தால் எப்போதோ ஒரு பிடி சோறு போட்டவரை எல்லாம் உடையவரென்பதும் நியாயமாகாது. இரண்டுக்கும் இடையே சாட்சியத்தைக் கொண்டு நீதிமன்றமே முடிவு செய்யும்.

2024 மே 5-ல் சென்னை ஆயிரம் விளக்குப் பகுதியிலுள்ள மாநகராட்சிப் பூங்காவில், அங்குக் காவல் புரிபவரின் ஐந்து வயது மகளை இரண்டு ராட்வைலர் நாய்கள் கடித்துக் குதறின. நாய்களின் உரிமையாளரைப் போலீசார் கைது செய்தனர். நகரத்து நாய் என்றாலும் கிராமத்து நாய் என்றாலும் சட்டம் ஒன்றுதான்.

தண்டனை வேறு, நஷ்டஈடு வேறு. மருத்துவச் செலவு, இழந்த கூலி, பட்ட துன்பம் ஆகியவற்றுக்குச் சிவில் நீதிமன்றத்தில் வழக்கிடலாம். அதற்கு வேண்டியவை: கடித்த நாள், நேரம், இடம்; கண்டவர் பெயர்; ஆஸ்பத்திரிச் சீட்டு; செலவு ரசீதுகள்; கூடுமானால் நாயின் புகைப்படம். பெண்களுக்கும் குழந்தைகளுக்கும் ஆதிதிராவிடர், பழங்குடியினருக்கும் வருமானம் பாராமல் இலவச சட்ட உதவி உண்டு. வட்டச் சட்டப் பணிக் குழுவை அணுகலாம். 15100 என்ற தொலைபேசி எண்ணிலும் கேட்கலாம்.

உடையவர் இல்லாத நாய்

உண்மையிலேயே எவர் வசத்திலும் இல்லாத நாய்க்குப் பொறுப்பு யார்? 2023-ஆம் ஆண்டின் பிராணிகள் கருத்தடை விதிகள் விடை தருகின்றன. வீட்டு நாய்க்கு ஊசியும் கருத்தடையும் வளர்ப்பவர் பொறுப்பு. தெருநாய்க்கு அவை ஸ்தல ஸ்தாபனத்தின் பொறுப்பு. நீதிமன்றங்களும் இவ்வழியே செல்கின்றன. 2023 நவம்பரில் பஞ்சாப்-ஹரியானா உயர் நீதிமன்றம், நாயின் ஒவ்வொரு பல் பதிவுக்கும் குறைந்தது 10,000 ரூபாய் நஷ்டஈடு என்று கணக்கு வகுத்து, அதை முதலில் அரசே கொடுக்க வேண்டும் என்றது. கேரளத்தில் இத்தகைய நஷ்டஈட்டைத் தீர்மானிக்க 2016-ல் உச்ச நீதிமன்றம் நீதிபதி சிரிஜகன் தலைமையில் குழு அமைத்தது.

நஞ்சிட்டுக் கொல்வது வழியன்று. அது பிராணி வதைத் தடுப்புச் சட்டத்தின்படியும், பாரதிய நியாய சன்ஹிதாவின் 325-ஆம் பிரிவின்படியும் குற்றம். அது பலன் தருவதுமில்லை. சென்னையில் நாய்களைப் பிடித்துக் கொல்வது நூறாண்டுக்கு மேல் நடந்தும் அவை குறையவில்லை. 1964-ல் புளூ கிராஸ் சங்கம் தொடங்கிய கருத்தடை வழியை 1996-ல் மாநகராட்சி ஏற்றது. ஊசியும் கருத்தடையும் பெற்ற நாய்களைப் பிடித்த இடத்திலேயே விடலாம், வெறிநோயுள்ளவற்றையும் மூர்க்கமானவற்றையும் விடலாகாது, குறித்த இடத்தில் மட்டுமே உணவிட வேண்டும் என்று 2025 ஆகஸ்டு 22-ல் உச்ச நீதிமன்றம் ஆணையிட்டது. பள்ளி, ஆஸ்பத்திரி, பஸ் நிலையம் போன்ற வளாகங்களில் பிடித்தவற்றை அங்கேயே திரும்ப விடலாகாது என அவ்வாண்டு நவம்பர் 7-ல் மேலும் கூறிற்று.

பஞ்சாயத்து செய்யத்தக்கவை

முதலாவது, நாய்ப் பதிவேடு. வீட்டு எண், நாயின் அடையாளம், பொறுப்பாளர் பெயர், ஊசி போட்ட நாள் என நான்கு பத்திகள் போதும். திண்ணை நாய்க்கும் ஒரு பெயர் எழுதப்பட வேண்டும். ஒருவரும் ஏற்காத நாய்களைத் தனிப் பக்கத்தில் எழுதினால், அதுவே பஞ்சாயத்தின் பொறுப்புக் கணக்காகும்.

இரண்டாவது, ஆண்டுக்கொரு தடுப்பூசி முகாம். ஊரிலுள்ள நாய்களில் நூற்றுக்கு எழுபதுக்கு ஊசி போட்டுவிட்டால் நோயின் சங்கிலி அறுபடும் என்பது அனுபவம். இதை ஓர் இயக்கமாக நடத்திய கோவா, 2021-ல் வெறிநோயைக் கட்டுப்படுத்திய மாநிலமாக அறிவிக்கப்பட்டது. குட்டிக்கு மூன்று மாதத்தில் முதல் ஊசி, பிறகு ஆண்டுதோறும். ஊசியின் பலன் கைகூடச் சில வாரங்கள் ஆகுமாதலால், திருவிழாவுக்கு ஒரு மாதம் முன்பே முகாமை முடித்துவிடுவது நலம்.

மூன்றாவது, கழிவு. மீன் கழிவும் இறைச்சிக் கழிவும் திறந்து கிடக்கும் வரை நாய்கள் குறையா. குழி வெட்டி மூடுவதற்கு ஆகும் செலவு, ஊசி மருந்துக்கு ஆகும் செலவை நோக்கச் சிறியது.

நான்காவது, கடிப் பதிவேடு. யாரை, எங்கே, எந்த நாய் கடித்தது, எத்தனை ஊசி முடிந்தது என்று எழுதி வந்தால், பாதியில் நின்றவரை வீடு தேடிச் சென்று நினைவூட்டலாம்.

ஐந்தாவது, சமரசம். ஊர்ப் பெரியவர்கள் கூடிப் பேசி முடிப்பது நம் கடற்கரை ஊர்களில் பழைய வழக்கம், நல்ல வழக்கமுங்கூட. செலவை நாய் வளர்ப்பவர் ஏற்பதையும், பத்து நாள் நாயைக் கட்டி வைப்பதையும் எழுத்தில் வாங்கலாம். ஆனால், ஆஸ்பத்திரிக்கோ போலீசுக்கோ செல்ல வேண்டாமென்று கடிபட்டவரை எவரும் தடுக்கலாகாது. ஊர்க் கூட்டத்துக்கு நாள் குறித்துவிட்டு அதுவரை ஊசியைத் தள்ளிவைப்பது ஓர் உயிரைப் பணயம் வைப்பதாகும்.

இவை எதற்கும் பெரிய நிதி ஒதுக்கீடு வேண்டியதில்லை. வேண்டுவது, ‘இது என் நாய்’ என்று கடிக்கு முன்பே சொல்லும் வழக்கம். அவ்வாறு சொன்னவர் அதற்கு ஊசி போடுவார், இரவில் கட்டுவார், கடித்தால் மறைக்க மாட்டார். வருகிற பஞ்சாயத்துக் கூட்டத்தின் நிகழ்ச்சி நிரலில் நாய்ப் பதிவேட்டை ஒரு பொருளாகச் சேர்த்து, முதற் பக்கத்தில் அங்கத்தினர்கள் தத்தம் வீட்டு நாயை எழுதித் தொடங்குவார்களாக.